பன்னிரண்டாம் தூண்

கபிலா,

மகனே, உன் கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது. வீடு முழுக்க ஆட்கள். சுங்கை பூலோவிலிருந்து வந்த உன் அத்தைகள் வரவேற்பறையைப் பிடித்துக்கொண்டார்கள். உன் அப்பா லோரியை வாசலில் நிறுத்திவிட்டு அதில்தான் மத்தியானத் தூக்கம் போடுகிறார். உன்னிடம் பத்து நிமிடம் தனியாகப் பேச மூன்று நாளாகப் பார்க்கிறேன். நீ பங்சாரில் வேலை முடிந்து வரும்போதே காதில் போனோடு வருகிறாய். அதனால் எழுதுகிறேன். கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு, இடது பக்கம் ரூலர் வைத்து மார்ஜின்கூடப் போட்டாயிற்று. நீ சிரிப்பாய் என்று தெரியும். ஐந்தாம் படிவத்தோடு என் படிப்பு நின்றுபோனாலும், எனக்குள் இருக்கும் அந்த முதல் பெஞ்சுப் பெண் இன்னும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள்.

மண்டபத்தை நீயும் உனக்கு மனைவியாகப் போகும் தர்ஷினியும் தேர்ந்தெடுத்தீர்கள். கிள்ளானில், துணிக்கடைகள் இருக்கும் அந்தத் தெருவில், கீழே கடைகளும் மேலே மண்டபமுமாக இருக்கும் பழைய கட்டடம். நீ போனில் பெயரைச் சொன்னதும் நான் மறுபடி சொல்லச் சொன்னேன். "பிடிக்கலையாம்மா?" என்று கேட்டாய். பிடிக்காமலா? அந்த மண்டபத்தைத் தாங்கி நிற்கும் பன்னிரண்டு தூண்களுக்கும் துணி வெட்டியவள் நான். அது உனக்குத் தெரியும், உன் நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறாய். உனக்குத் தெரியாதது பன்னிரண்டாம் தூணின் கதை. அதில் நீயும் இருக்கிறாய். அந்த இடத்துக்கு வரும்போது சொல்கிறேன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் நான் தைத்துக்கொண்டிருந்த கடைக்கு முருகையா பாஸ் தன் மனைவியோடு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மனைவிக்குப் பட்டு ரவிக்கை. நான் வழுக்கும் பட்டை மேசையில் விரித்து, ஒரு நூல் பிரியாமல் வெட்டுவதை அவர் கதவருகே நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் தனியாக வந்தார். கையில் ஒரு கறுப்புச் சுருள். "அக்கா, இந்தத் துணிய கொஞ்சம் வெட்டிக் காட்டுறீங்களா?" என்றார். தொட்டுப் பார்த்தேன். பளபளப்பு, ஆனால் பட்டு இல்லை. "யாருக்கு, பாஸ்?" என்று கேட்டேன். "தூணுக்கு" என்றார். "தூணுக்கா? பிளவுஸா, பேன்டா?" என்று நான் கேட்க, கடையில் இருந்த மற்ற பெண்கள் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "உண்மையாத்தான்லா. என் பசங்க வெட்டுனா ஓரமெல்லாம் பிரிஞ்சு போவுது. பாதித் துணி குப்பைக்குத்தான் போவுது" என்றார்.

அப்படித்தான் நான் கட்டட வேலைக்குப் போனேன், முதல் வேலையே இந்தக் கிள்ளான் மண்டபம். பழைய கான்கிரீட் தூண்களை இடிக்காமல் பலப்படுத்தும் வேலை அது. உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்துத் தடிக்கும், மேலே உள்ள சிமெண்ட் வெடித்து உதிரும். முதலில் மேலே இருக்கும் பாரத்தை இரும்பு முட்டுகள் கொடுத்துத் தாங்கிக்கொள்வார்கள். பிறகு பழுதானதைக் கொத்தி எடுத்து, கம்பியைச் சுரண்டிச் சுத்தம் செய்து, புதுக் கலவை வைத்து நிரப்புவார்கள். தூணின் நான்கு மூலைகளையும் மெஷின் வைத்துத் தேய்த்து உருட்டுவார்கள், கூரான மூலை துணியை அறுத்துவிடும் என்பதற்காக. அதன் பிறகுதான் இந்தக் கறுப்புத் துணி. கார்பன் இழை, நூலெல்லாம் சுருளின் நீளவாக்கில் ஒரே பக்கமாகத்தான் ஓடும். பசையில் நனைத்துத் தூணில் சுற்றி, ரோலரால் அழுத்தி, உள்ளே ஒரு காற்றுக் குமிழிகூட இல்லாமல் ஒட்ட வேண்டும். காய்ந்தால் துணியும் பசையும் ஒரே ஓடாக இறுகிவிடும், இரும்பே தோற்றுப்போகும். எனக்கு அந்த வேலை எவ்வளவு பிடித்திருந்தது தெரியுமா? பசையின் இரண்டு டின்களைக் கலந்த நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடும். அது இறுகுவதற்குள் துணி தூணில் ஏறியாக வேண்டும். பரீட்சையில் கடைசி மணி அடிப்பதற்குள் கடைசிக் கேள்வியை எழுதி முடிக்கும் அதே பரபரப்பு.

பசை வேலைக்குத் தலைமை ஜாஹிர். உனக்கு ஜாஹிர் மாமா. இராமநாதபுரத்துக்காரர், வேலை பெர்மிட்டில் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. முதல் நாள் நான் கத்தரிக்கோலும் சாக்குக்கட்டியுமாகப் போய் நின்றதும், "என்னக்கா, தூணுக்கு அளவெடுக்க வந்தீங்களா? மார்பு எத்தனை, இடுப்பு எத்தனை?" என்று கேட்டவர். "உங்களுக்கும் சேத்தே எடுக்குறேன், நில்லுங்க தம்பி. தொப்பைக்குத் துணி பத்துமானுதான் தெரியல" என்றேன். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒத்துப்போனது. பதினோரு தூண்களை அப்படியே முடித்தோம். ஒவ்வொரு தூணுக்கும் முருகையா பாஸ் சாக்குக்கட்டியால் அளவு போட்டுக் கொடுப்பார், நான் வெட்டுவேன், ஜாஹிர் ஒட்டுவார், மிஸ் லிம் என்ற பொறியாளர் வந்து பார்ப்பார். அந்தத் துணியைப் பற்றிய விளக்கத் தாள் ஒன்று பெட்டிக்குள் இருந்தது. நான் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைக்கூட விடாமல் படிப்பவள். இந்தத் தாளை எடுத்துப் படிக்கவில்லை. ஏன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். துணியைப் பற்றி எனக்கு ஒரு தாள் என்ன சொல்லிவிடப் போகிறது என்ற எண்ணம், வேறொன்றும் இல்லை.

பன்னிரண்டாம் தூண் படிக்கட்டுக்குக் கீழே இருந்தது. மற்றவற்றைவிட ஒல்லி, உயரம் அதிகம். அன்று பாஸ் வேறு இடத்தில் மாட்டிக்கொண்டார். "அளவுதான் தெரியுமே அக்கா, நீங்களே வெட்டி முடிச்சிருங்க" என்று போனில் சொன்னார். பெரிய பதவி உயர்வு கிடைத்த மாதிரி இருந்தது எனக்கு. தூணைச் சுற்றி வந்து பார்த்தேன். துணிச் சுருளின் அகலம் அரை மீட்டர். இதுவரை செய்த மாதிரி அடுக்கடுக்காகச் சுற்றினால் ஏழு பட்டை வேண்டும். ஏழு பட்டை, ஏழு ஒட்டு. தையல்காரியின் கண்ணுக்கு ஒட்டுப்போட்ட துணி என்றாலே உறுத்தும். அதையே மேலிருந்து கீழாக வைத்தால் மூன்றே நீளம். நடுவில் ஓர் ஒட்டுக்கூட இல்லாமல் பாவாடைத் துணி மாதிரி வழவழவென்று இறங்கும். இவ்வளவு நாளும் இந்த ஆண்கள் துணி வெட்டத் தெரியாமல் பட்டை பட்டையாகச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன், கபிலா. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

ஜாஹிர் பசை வாளியோடு நின்று துண்டுகளைப் பார்த்தார். "அக்கா, மத்ததெல்லாம் சுத்தித்தானே ஒட்டுனோம்?" என்றார். நான் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே சொன்னேன்: "தம்பி, சிமெண்ட் விஷயத்துல நான் உங்களக் கேக்குறேன். துணி விஷயத்துல நீங்க என்னக் கேளுங்க." அவர் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். "சரிங்க டீச்சர்" என்றார். இரண்டு அடுக்கும் மேலிருந்து கீழாகவே ஒட்டினோம். மிக அழகாக வந்தது. ஜாஹிர் போனில் படம் எடுத்து பாஸுக்கு அனுப்பினார். கறுப்புத் துணியில் நூல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது படத்தில் எங்கே தெரியும்? "கிளாஸ்லா" என்று பதில் வந்தது.

வேலை முடிந்துவிட்டது, இனி வெட்ட ஒன்றும் இல்லை. அதனால் அந்த விளக்கத் தாளை ஞாபகத்துக்காகப் பையில் எடுத்துப் போட்டுக்கொண்டேன். கிள்ளான் ஸ்டேஷன் பக்கத்தில் பால் விடாத தே ஓ ஒன்று வாங்கினேன், பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கயிற்றில் கட்டிக் கொடுத்தார்கள். ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தாளை விரித்தேன். தெரியாத ஆங்கிலச் சொற்களுக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தேன், வீட்டுக்கு வந்து உன் அகராதியில் பார்க்கலாம் என்று. பாடாங் ஜாவா தாண்டியபோது நான்காம் பக்கத்தில் ஒரு படம். ஒரு தூண். அதைச் சுற்றி வளையம் வளையமாக அம்புக்குறி. கீழே ஒரு வரி: இழைகள் தூணைச் சுற்றி ஓட வேண்டும், நீளவாக்கில் வைத்தால் தூண் இறுக்கம் பெறாது. அந்த வரியில் எனக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை.

மடியில் இருந்த தேநீர்ப் பையை உள்ளங்கையால் மேலிருந்து அமுக்கினேன். நான்கு பக்கமும் உப்பியது. தூணும் அதைத்தான் செய்யும். மேலே பாரம் ஏறினால் பக்கவாட்டில் வீங்கப் பார்க்கும், வீங்கினால் வெடிக்கும். சுற்றி ஓடும் நூல்தான் வீங்க விடாமல் பிடிக்கும். நான் இருபது வருடம் மனிதர்களுக்குத் துணி வெட்டியவள். மனிதர் மேல் துணி தோளிலிருந்து தொங்கும். அதனால் நூல் ஓட்டத்தை மேலிருந்து கீழாக வைப்போம், இல்லாவிட்டால் பாவாடை தொய்ந்துவிடும். தூணின் மேல் எதுவும் தொங்குவதில்லை. அதை ஒரு தடவைகூட நான் யோசிக்கவில்லை. அன்று பன்னிரண்டாம் தூணுக்கு நான் போட்டுவிட்டு வந்தது ஒரு கறுப்புப் பாவாடை.

இனி நீ வரும் இடம். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், அகராதியை எடுக்கப் போய் அதற்குப் பின்னால் உன் கணக்குப் பரீட்சைத் தாளைக் கண்டேன். உனக்குப் பதினான்கு வயது. இருபத்தெட்டு மதிப்பெண். கீழே என் கையெழுத்து, நான் போடாத கையெழுத்து. உன்னைக் கூப்பிட்டு நிற்க வைத்து அறைந்தேன். நீ அழாமல் நின்றாய். நான் சொன்னது எனக்கு இன்றைக்கும் வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "ஃபெயிலானதுக்கு அடிக்கலடா. தெரிஞ்சே மறைச்ச பாரு, அதுக்கு." சொல்லி முடித்ததும் என் காதிலேயே அது விழுந்தது. ஆனாலும் மறுநாள் காலையில் ஜாஹிர் துணி மேல் சிமெண்ட் பூசும் கரண்டியோடு தூணுக்கு முன்னால் நின்று, "அக்கா, பாஸும் மிஸ் லிம்மும் வந்து ஒரு தடவ பாத்துட்டு அப்புறம் பூசலாமா?" என்று கேட்டபோது நான் சொன்னேன்: "தேவையில்ல தம்பி. பூசுங்க."

துணியைத் தப்பாக வெட்டியதற்காக நான் யாரிடமும் தலை குனிய மாட்டேன். தெரியாமல் செய்தது அது. ஆனால் அந்த "தேவையில்ல" தெரிந்து சொன்னது. அடுத்த ஆறு நாள் அதற்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தேன். கொஞ்சமாவது பலம் கொடுத்திருக்கும், பழுதைத்தான் முதலிலேயே சரி செய்துவிட்டார்களே, பன்னிரண்டில் ஒன்றுதானே என்றெல்லாம். உள்ளே இருந்தது வேறு. தையல்காரியைக் கட்டட வேலைக்குக் கூட்டி வந்ததற்கு முருகையா பாஸை அதே தொழிலில் இருக்கும் மற்றவர்கள் கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறந்தால் அவர்கள் சொன்னது உண்மையாகிவிடும், என்னைத் திரும்பவும் ரவிக்கைக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த வேலையை நான் அவ்வளவு விரும்பினேன். ஏழாம் நாள் மத்தியானம் முட்டுகளைக் கழற்றப் போகிறார்கள். அதற்குப் பிறகு பாரம் முழுவதும் தூணின் தலையில்.

ஏழாம் நாள் காலையில் அஞ்சலை அக்கா வந்தார். படிக்கட்டுக்குக் கீழே பல வருடமாக மாலை கட்டி விற்றவர். மண்டபத்தை மூடியபோது அவரும் கடையை எடுத்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று. முட்டு கழற்றும் வரை பொறுக்க முடியாமல், ஸ்டூலையும் பூக்கூடையையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பன்னிரண்டாம் தூணை ஒட்டி ஸ்டூலைப் போட்டு, முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, பின்னால் கையை விட்டுத் தூணைத் தட்டினார். "யம்மா, பாறை மாதிரில்ல இருக்கு! முன்னாடி சாஞ்சா முதுகுல சிமெண்ட் உதிரும். நீதான் செஞ்சியாமே தங்கச்சி? ஜாஹிரு சொன்னாரு. நல்லா இருப்பலா நீ" என்றார். பிறகு மடியில் மல்லிகையைக் கொட்டிக் கட்ட ஆரம்பித்தார்.

நான் தெருவுக்கு வந்து பாஸுக்குப் போன் செய்தேன். "பாஸ், பன்னண்டாவது தூணுல நூல நெட்டுக்க வச்சு ஒட்டிட்டேன். சுத்தி வைக்கல. எனக்கு ஆறு நாளா தெரியும்." திட்டு வரும் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது: "முட்டு கழட்டிட்டாங்களா?" "இல்ல, பாஸ். மத்தியானந்தான்." "தூண் பக்கத்துல ஆள் யாரு?" "அஞ்சலை அக்கா மட்டும்." "முதல்ல அவங்கள எழுப்புங்க. ஜாஹிர்கிட்ட சொல்லுங்க, முட்டு மேல யாரும் கை வைக்கக் கூடாது. நான் வந்துக்கிட்டு இருக்கேன்." அவ்வளவுதான். திரும்பி உள்ளே போய் ஜாஹிரிடம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "நான் அன்னைக்கே கேட்டேனேக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்ல எல்லா உரிமையும் இருந்தது. சொல்லவில்லை. "உளி எடுத்துட்டு வரேன்" என்றார். அஞ்சலை அக்காதான் சண்டை போட்டார். "இப்பத்தான உக்காந்தேன்! பாறை மாதிரி இருக்குங்கறேன், எந்திரிங்கற?" "இன்னும் பாறை ஆகலக்கா, ஆக்கித் தரேன்" என்று ஸ்டூலை நானே தூக்கிக்கொண்டு போனேன்.

பாஸும் மிஸ் லிம்மும் ஒன்றாக வந்தார்கள். மிஸ் லிம் பூச்சில் ஒரு இடத்தைக் கொத்தச் சொல்லி, உள்ளே கறுப்பை விரலால் தடவிப் பார்த்தார். "யார் வெட்டியது?" என்று மலாயில் கேட்டார். பாஸ் வாயைத் திறப்பதற்குள் நான் கையைத் தூக்கினேன், பள்ளிக்கூடத்தில் தூக்குகிற மாதிரியே. "நான்." "ஏன் இப்படி வெட்டினீர்கள், ஆன்டி?" அரைகுறை மலாயில் பாவாடை, தோள், தொங்கும் துணி என்று எல்லாவற்றையும் சொன்னேன். தேநீர்ப் பையைக்கூட விடவில்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, பாஸைப் பார்த்துச் சொன்னதை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். "இவர் எங்கே தப்பு செய்தார் என்று இவருக்குச் சரியாகத் தெரிகிறது. திரும்ப இவரையே வெட்டச் சொல்லுங்கள்."

பூச்சு முழுவதையும் கொத்தினோம். நானும் கொத்தினேன், கையெல்லாம் கொப்புளம். கறுப்பு மேற்பரப்பைச் சொரசொரப்பாகத் தேய்த்துத் துடைத்தோம். ஆனால் அன்று மழை. கிள்ளான் மழை உனக்குத் தெரியும், சுவரெல்லாம் வியர்த்துவிடும். ஈரத்தின் மேல் பசை நிற்காது. மிஸ் லிம் கையடக்கமான கருவி ஒன்றை வைத்துக்கொண்டு தூணையும் காற்றையும் அளந்து அளந்து தலையை ஆட்டினார். முதல் நாள் முடியவில்லை. இரண்டாம் நாளும் முடியவில்லை. மூன்றாம் நாள் காலையில் வெயில் அடித்தது. பதினோரு மணிக்கு அவர் கருவியைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கினார். நான் அதற்குள் பதினான்கு பட்டைகளையும் வெட்டி, ஒவ்வொன்றின் ஓரத்திலும் வெள்ளை ஒட்டுநாடா ஒட்டி, அதில் பேனாவால் நூல் ஓடும் பக்கத்துக்கு ஓர் அம்பு போட்டு வரிசையாக வைத்திருந்தேன். "கலக்கவா டீச்சர்?" என்றார் ஜாஹிர். "கலக்குங்க" என்றேன்.

அந்த ஒரு மணி நேரத்தை உனக்கு எப்படிக் காட்டுவேன்? ஜாஹிர் பசை தடவத் தடவ, நான் பட்டையின் ஒரு முனையைப் பிடிக்க, முருகையா பாஸே சட்டையை மடித்துவிட்டு மறுமுனையைப் பிடித்துத் தூணைச் சுற்றி நடந்தார். ஒரு சுற்று, முனை மேல் முனை ஒரு சாண் ஏறி உட்கார, ரோலர் ஓட, அடுத்த பட்டை. "அம்பு பாத்துக்குங்க!" "பாத்தாச்சு!" "எந்தப் பக்கம்?" "சுத்தி!" ஒவ்வொரு பட்டைக்கும் மூன்று பேரும் கத்தினோம். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அஞ்சலை அக்கா பூக்கூடையோடு எதிர்க்கடை வாசலில் உட்கார்ந்து, "ஒரு தூணுக்குப் புடவ கட்டுறதுக்கு இத்தன பேரா!" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசிப் பட்டை ஏறியபோது வாளியின் அடியில் பசை இறுகத் தொடங்கியிருந்தது. எனக்குப் பரீட்சை முடிந்த மணி கேட்டது.

இரண்டு நாள் கழித்து மிஸ் லிம் சின்னச் சுத்தியல் ஒன்றை என் கையில் கொடுத்தார். உள்ளே எங்காவது ஒட்டாமல் விட்டிருந்தால் தட்டும்போது பொத்தென்று சத்தம் வரும், நன்றாக ஒட்டியிருந்தால் கல்லைத் தட்டின மாதிரி இருக்கும். "நீங்களே தட்டுங்கள், ஆன்டி" என்றார். அடியிலிருந்து ஆரம்பித்தேன். ஏணி வைத்து உச்சி வரை போனேன். ஓர் இடத்தில்கூடப் பொத்தென்று சொல்லவில்லை. பிறகு முழுசாகக் காய ஏழு நாள் விட்டு, முட்டுகளைக் கழற்றினார்கள். மேலே மண்டபத் தரை முழுவதும் பெரிய பெரிய தண்ணீர்த் தொட்டிகளை வைத்து நிரப்பினார்கள். கீழே தூண்களில், அசைவைக் காட்டும் முள் வைத்த கருவிகள். ஒரு நாள் முழுக்கப் பாரம் மேலே இருந்தது. படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் பன்னிரண்டாம் தூணின் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றேன். மற்ற பதினொன்றின் முள் எங்கே நின்றதோ அங்கேயேதான் அதுவும் நின்றது. மறுநாள் மிஸ் லிம் தாளில் கையெழுத்துப் போட்டதும் ஜாஹிர் என்னைப் பார்த்து, "அக்கா, இனிமே சிமெண்ட் விஷயத்துலயும் உங்களயே கேக்குறேன்" என்றார். அஞ்சலை அக்கா எங்கள் நான்கு பேருக்கும் ஆளுக்கொரு மாலை போட்டார். மிஸ் லிம்முக்குப் போட்டது முழங்கால் வரை தொங்கியது.

என்னை யாரும் ரவிக்கைக்கு அனுப்பவில்லை. இன்றைக்கு முருகையா பாஸின் இடத்தில் துணி வெட்டுவதற்கென்றே ஓர் அறை இருக்கிறது. அதற்குப் பொறுப்பு நான். என்னோடு ஏழு பெண்கள், ஐந்து பேர் தையல் கடைகளிலிருந்து வந்தவர்கள். இந்தப் பதிமூன்று வருடத்தில் பாலத் தூண், பள்ளிக்கூடத் தூண், கார் நிறுத்தும் கட்டடத்தின் தூண் என்று எத்தனையோ வெட்டிவிட்டோம். அம்பு போடாத ஒரு துண்டுகூட அந்த அறையைத் தாண்டி வெளியே போனதில்லை. புதிதாக வரும் பெண்ணுக்கு முதல் நாளே விளக்கத் தாளைக் கையில் கொடுத்து, சத்தமாகப் படிக்கச் சொல்வேன். என் கறுப்புப் பாவாடைக் கதையையும் சொல்வேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவர்களுக்கெல்லாம் சொன்ன கதையை உனக்கு மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அன்று உன்னை அறைந்ததையும் சொல்ல வேண்டும் என்பதால்.

அதை இப்போது சொல்கிறேன். மறைத்ததற்காக உன்னை அடித்த அன்று, நான் அதைவிடப் பெரிய ஒன்றை மறைத்துக்கொண்டு உன் முன்னால் நின்றேன். நீ ஒளித்தது ஒரு தாள். நான் ஒளித்தது ஒரு தூண். போனில் பாஸிடம் உண்மையைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்த சாயங்காலம் உன்னிடமும் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக உனக்குச் சாப்பிட ரோத்தி சானாய் வாங்கி வந்தேன், உன் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். தூணின் சுற்றளவை வைத்து உனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன், நினைவிருக்கிறதா? உருட்டிய மூலையை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கே தெரியவில்லை, நீதான் வட்டத்தின் கால் பங்கு என்று கண்டுபிடித்தாய். இருபத்தெட்டிலிருந்து ஏறி ஏறிக் கடைசிப் பரீட்சையில் நீ ஏ வாங்கியபோது தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். ஆனால் ரோத்தி சானாய் மன்னிப்பு ஆகாது. கபிலா, அன்று உன்னை அறைந்ததற்காக உன் அம்மா உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள்.

தூணையும் கல்யாணத்தையும் ஒப்பிட்டு நீளமாகப் பேசப் போகிறேன் என்று பயப்படாதே. மேடையில் வாழ்த்த வரும் மாமாக்கள் அதைப் பார்த்துக்கொள்வார்கள். எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். தர்ஷினி கவனமான பெண். ஜாஹிர் மாதிரி, முகத்தைப் பார்த்தே கேட்டுவிடுவாள், "எல்லாம் சரியா?" என்று. சரியில்லையென்றால் "தேவையில்ல, பூசு" என்று சொல்லிவிடாதே. பூச்சுக்கு முன்னாலேயே சொல்லிவிட்டால் வேலை சுலபம். அப்போது தவறவிட்டுவிட்டாலும் பயப்படாதே, பிறகும் சொல்லலாம். உளி வேண்டும், கையில் கொப்புளம் வரும், மழை விட இரண்டு மூன்று நாள் காத்திருக்க வேண்டியிருக்கும். ஆனால் திரும்பச் சுற்றிய தூண் மற்ற பதினொன்றுக்கும் சமமாக நிற்கும். அதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கல்யாண மாலைகளை அஞ்சலை அக்காவிடம்தான் சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் அதே ஸ்டூலில், அதே தூணில் சாய்ந்துதான் கட்டுகிறார். அன்று காலையில் மாலை வாங்க நீயே கீழே போ, தர்ஷினியையும் கூட்டிக்கொண்டு போ. அவரைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு, ஒரு காசை எடுத்து அந்தத் தூணைத் தட்டிப் பார். எங்கே வேண்டுமானாலும் தட்டு, எத்தனை தடவை வேண்டுமானாலும் தட்டு. பிறகு இருவரும் மேலே வாருங்கள். உன் நண்பர்கள் உறுமி மேளம் வைத்திருக்கிறார்களாம், ஐந்நூறு பேரும் ஆடுவார்களாம், தரை அதிருமே என்று உன் அத்தை கவலைப்பட்டாள். அதிரட்டும் என்று சொல்லிவிட்டேன். ஜாஹிர் தன் குடும்பத்தோடு இராமநாதபுரத்திலிருந்து வருகிறார். முருகையா பாஸும் மிஸ் லிம்மும் வருகிறார்கள். நாங்கள் யாரும் அன்று கீழே நின்று முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை. நாங்களும் மேலேதான் ஆடிக்கொண்டிருப்போம்.

அம்மா